புளியந்தீவில் ஒரு பகற்பொழுது

நூதனசாலை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கொழும்பு நூதனசாலைதான். 1877ஆம் ஆண்டு தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் திறக்கப்பட்ட அந்த வெண்ணிற மாளிகையைப் பாடசாலைச் சுற்றுலாவிலாவது ஒரு முறை பார்த்திராதவர் கிழக்கிலங்கையில் குறைவு. ஆனால் வீட்டு வாசலிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் சிறிய நூதனசாலைகளையும் பூங்காக்களையும் ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்? இன்றைய உரையில் அப்படியான ஒரு நாளைப் பற்றியும், அந்த நாளில் கண்டவற்றையும் காணாதவற்றையும் பற்றியும் சொல்ல விரும்புகின்றேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. மட்டக்களப்புக்கு வடக்கே போகும் பெருந்தெருவில் உள்ள ஊர்ப்பெயர்களே ஒரு நூதனசாலைதான். சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி என்று அவை வரிசையாக நிற்கின்றன. இப்பெயர்களுக்கு நம் முன்னோர் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் மட்டக்களப்பின் ஆட்சியுரிமை பற்றிப் போர் மூண்டது. வணிகத்துக்காக வந்திருந்த பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை நின்றார்கள். திமிலர் தோற்று வடக்கே ஓடினார்கள். சத்துருக்களைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான். துரத்திச் சென்றவர்கள் வந்து ஆறிய மூலை வந்தாறுமூலை. சந்தித்துக் கலந்து பேசிய வெளி சந்திவெளி. தோற்றவர்கள் மீண்டும் ஏறி வராதபடி காவலுக்குப் பட்டாணியரைக் குடியேற்றிய ஊர் ஏறாவூர்.

எப். எக்ஸ். சீ. நடராசா அவர்கள் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தைப் படித்தோர் இக்கதையை அறிவர். பெயருக்குப் பொருள் கூறப் பின்னர் புனைந்த கதை என்று அறிஞர் சிலர் இதனை ஒதுக்கலாம். அப்படியே இருந்தாலும், தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றதாக ஒரு கதையை இரு சமூகமும் பல தலைமுறையாகப் போற்றி வந்தன என்பது பொய்யாகாது. அதுவே ஒரு வரலாற்றுச் செய்தி.

பாடசாலை விடுமுறைக் காலத்தில் ஒரு நாள், மகளின் மகனை அழைத்துக்கொண்டு ஏறாவூரிலிருந்து பஸ் ஏறினேன். அவனுக்கு வயது பன்னிரண்டு. காலை வெயில் இன்னும் ஏறவில்லை. மயிலம்பாவெளி, தன்னாமுனை எல்லாம் கடந்து பஸ் போய்க்கொண்டிருக்க, மேற்கே வாவி வெள்ளித் தகடுபோல் இடையிடையே தெரிந்தது. பெயர்க்கதைகளை அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். சத்துருக்கொண்டானில் தெருவோரத்து நினைவுத் தூபியைக் கண்டு, "இது அந்தச் சண்டையில செத்தாக்களுக்கா மூத்தாப்பா?" என்று கேட்டான்.

அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தூபி பழங்கதைக்கு உரியது அல்ல. 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் இராணுவத்தினர் அழைத்துச் சென்று கொன்ற 184 தமிழ் மக்களுக்கானது. அதற்கு நான்கு நாள் முன்னர், செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளவில் அகதிகளாக இருந்தவர்களுள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவேயில்லை. அதற்கும் ஒரு மாதம் முன்னர், ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவும் மறுநாள் விடியலிலும் எங்கள் ஏறாவூரில் ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரு படுகொலைகளையும் செய்தவர்கள் விடுதலைப் புலிகளே என்பது பரவலாகப் பதிவாகியுள்ளது. அவ்வியக்கம் அதனை மறுத்தது.

நண்பர்களாக நின்று போரிட்ட கதையைச் சுமந்த அதே பெயர்கள், ஆறு வாரத்துக்குள் இவ்வளவு கண்ணீரையும் சுமந்துகொண்டன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதனை எப்படிச் சொல்வது? "இல்ல மகன், இது நம்மட காலத்து விசயம். பின்னேரம் சொல்றன்" என்றேன்.

புளியந்தீவில் இறங்கி முதலில் கோட்டைக்குப் போனோம். மட்டக்களப்புக் கோட்டை பெரியதன்று. நாற்புறமும் கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. ஆனால் இச்சிறு கோட்டைக்குள் நடந்தவை சிறியன அல்ல. 1626இல், போர்த்துக்கேயரால் கரையோரங்களிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டும் செய்தி. இரண்டே ஆண்டுகளில், 1628இல், போர்த்துக்கேயர் இங்கும் வந்து கோட்டை கட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 1638 மே மாதம் 18ஆம் திகதி, இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி அதனைக் கைப்பற்றினான்.

ஐந்து நாள் கழித்து மட்டக்களப்பில் கையெழுத்தான உடன்படிக்கை இந்நாட்டின் தலைவிதியையே மாற்றியது. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைத்திருக்கலாம் என்பது அதன் ஒரு விதி. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் "மன்னர் விரும்பினால்" என்ற கருத்தில் ஒரு வாசகம் இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அந்த வாசகம் இல்லை! ஒரு சிறு வாசகம் விடுபட்டதனால் கரையோரம் முழுவதும் கைமாறியது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்லும் பழமொழி அப்போது பிறந்ததுதான். எழுத்தைப் பாதுகாப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அதன்பின் நெடுங்காலம் இக்கோட்டை கச்சேரியாக இருந்தது. காணிக்கும் பென்சனுக்கும் அலைந்த எத்தனையோ பேர் அதன் சரித்திரம் அறியாமலே வாசலைக் கடந்திருக்கிறார்கள்.

வாசலின் மேலே ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை இருக்கின்றது. உள்ளே உள்ள சிறு நூதனசாலையை மெதுவாகப் பார்த்தோம். ஏட்டுச் சுவடிகள், பழைய வாள்கள், பாத்திரங்கள், ஆங்கிலேயர் காலத்து அலுவலகச் சாமான்கள் எல்லாம் இருந்தன. கூட்டமில்லை, அவசரமில்லை. சிறிய நூதனசாலையின் சுகமே அதுதான். ஒரு பொருளின் முன் பத்து நிமிடம் நின்றாலும் பின்னாலிருந்து தள்ளுவார் இல்லை.

என் பேரன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "மூத்தாப்பா, இதுல நம்மட ஊருட சாமான் எது?"

நான் திரும்பவும் ஒரு சுற்றுப் பார்த்தேன். ஏறாவூரிலிருந்து வந்தது என்று சுட்டிக்காட்டக்கூடிய ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அது அந்த நூதனசாலையின் குறை அன்று. நாம் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அல்லவா அங்கே இருக்கும்!

கோட்டையை விட்டு வந்து, வாவியோரமாக உள்ள மட்டக்களப்பு வாயிலடிக்குப் போனோம். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் இந்நகருக்கு வந்தவர். வந்து ஓராண்டு நிறையுமுன்னே, 1815 ஏப்ரலில், நோயினால் இங்கேயே காலமானார். அந்தச் சில மாதங்களுக்குள் அவர் தொடங்கிய கல்விப் பணியைத்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கமாகக் கொள்கின்றது. அவருடைய சிலை அவ்விடத்தில் நிற்கின்றது. எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதைவிட வாழ்ந்த நாளில் என்ன செய்தார் என்பதையே ஊர் நினைவில் வைத்திருக்கும் என்பதற்கு அவர் சான்று.

அருகே காந்திப் பூங்கா. நிழல், வாவிக்காற்று, ஓடி விளையாடும் பிள்ளைகள். கடலைச் சுருளோடு ஒரு வாங்கில் அமர்ந்தோம். இந்நகரத்தின் சிலைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. மகாத்மா காந்தி, சாரணர் இயக்கத் தந்தை பேடன் பவல், சுவாமி விபுலானந்தர், புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை ஆகிய நால்வரின் சிலைகளும் 2012 ஏப்ரலில் இனந்தெரியாதோரால் சேதப்படுத்தப்பட்டன. ஒருவர் அகிம்சையைப் போதித்தவர், ஒருவர் சிறுவர்க்குச் சேவையைப் பயிற்றியவர், இருவர் தமிழை வளர்த்தவர்கள். இவர்களில் யார்மேல் யாருக்கு என்ன பகை? உடைத்தவர்கள் யாராயினும், கல்லில் உள்ள நினைவைக் கண்டு அஞ்சியவர்கள் என்றே எண்ணத் தோன்றுகின்றது. நகரம் அவற்றைக் கைவிடவில்லை என்பது ஆறுதல்.

பகலுணவுக்குப் பின் கல்லடிப் பாலத்துக்கு வந்தோம். தேசாதிபதி மானிங்கின் மனைவி பெயரால் 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அண்ணன் தம்பிபோல் அருகருகே கிடக்கின்றன. கனமான வாகனங்களெல்லாம் புதிய பாலத்தால் போக, பழைய பாலத்தில் காலாற நடந்தோம்.

பாடும் மீன்களைப் பற்றி நேயர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட், தோணியிற் சென்று அந்த இசையைக் கேட்டதைத் தம் நூலில் எழுதிவைத்தார். நிலவு காலத்தில் தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றி, மறுநுனியில் காதை வைத்துக் கேட்பது நம் மீனவர் வழக்கம். மீனா, சிப்பியா, வேறு உயிரினமா என்று இன்னும் வாதிப்பவர்கள் வாதிக்கட்டும். வானொலி நேயர்களுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு: 1960களில் லாங் என்ற யேசுசபைப் பாதிரியாரின் உதவியோடு அந்த ஒலி இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. வாவியின் குரலை நாடு முழுவதும் கேட்டது! ஒலியையும் காப்பாற்றி வைக்கலாம் என்று அந்தப் பாதிரியாருக்குத் தோன்றியதே, அது போற்றத்தக்கது.

கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில், விபுலானந்த அடிகளாரின் சமாதி உள்ளது. 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி, 1947 ஜூனில் யாழ் நூலை அரங்கேற்றி, மறுமாதம் 19ஆம் திகதி கண்மூடியவர். அமைதியான இடம். மலர்களுள் எம்மலர் இறைவனுக்கு உகந்தது என்று அவர் பாடிய பாடலை நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கின்றோம். அந்தப் பாடலுக்குரியவர் உறங்கும் இடத்தில் மரநிழலும் மலர்ச்செடியும் இருப்பது பொருத்தமே.

அங்கே என் பழைய நண்பரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். "வாங்க காக்கா, பேரனையும் கூட்டி வந்திட்டீங்களா?" என்று வரவேற்றார். பிளேன்டீ குடித்துக்கொண்டே, அடிகளாருக்கும் ஏ. எம். ஏ. அஸீஸுக்கும் இருந்த நட்பைப் பற்றிப் பேசினோம். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த அஸீஸ், அடிகளாரோடு பழகி அவர் தந்த ஊக்கத்தோடு முஸ்லிம்களின் கல்விக்காக உழைக்கத் தொடங்கினார். 1945இல் உருவான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியால் படித்து உயர்ந்தோர் பலர். பின்னர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகி அதனைச் சிறக்கச் செய்தவரும் அஸீஸே. காவியுடுத்த துறவி ஒருவர் முஸ்லிம் பிள்ளைகளின் கல்வியில் கொண்ட அக்கறைக்கு இது சாட்சி.

"இதெல்லாம் ஒரு அலுமாரிக்குள்ள வச்சுக் காட்டேலாத சாமான் காக்கா" என்றார் நண்பர்.

"காட்டலாம் மாஸ்டர். கடிதம் இருக்கும், படம் இருக்கும். தேடத்தான் ஆளில்லை" என்றேன்.

மாலையில் காத்தான்குடி போனோம். பெருந்தெருவிலேயே 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலை இருக்கின்றது. முஸ்லிம்களின் பழைய வாழ்க்கை முறை, வணிகம், வீட்டுப் பாவனைப் பொருள்கள் என்பவற்றை ஆளளவு உருவங்களைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். மனித உருவங்களை வைப்பது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற விவாதம் திறந்த காலத்தில் எழுந்தது. விவாதம் எப்படியாயினும், தன் வரலாற்றைத் தானே சேகரித்து வைக்கவேண்டும் என்று ஓர் ஊர் முயன்றது பாராட்டுக்குரியது. என் பேரன் அங்குதான் அதிக நேரம் நின்றான். தன் வீட்டுப் பரணில் கண்ட பொருள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் கண்டது அவனுக்கு அதிசயமாக இருந்தது.

அஸர் தொழுகைக்கு மீரா ஜும்ஆப் பள்ளிக்குப் போனோம். 1990இல் பாய்ந்த குண்டுகளின் அடையாளம் சுவரில் இன்னும் இருக்கின்றது. சாந்து பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். தொழுகை முடிந்து அச்சுவரடியில் நின்றுதான் காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். நான்கு ஊர்களின் கதையையும் திகதி வரிசையில் சொன்னேன். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் அது பாதி உண்மை. பாதி உண்மை பிள்ளையின் மனத்தில் பகையாக வளரும். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரெண்டு பக்கமும் அழுதிருப்பாங்களே" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

நேயர்களே, அந்த ஒரு நாளில் நாங்கள் பார்த்தவை கொஞ்சமல்ல. ஆனால் எந்த நூதனசாலையிலும் காணாத ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். அது நம் குடி வழமை. கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகக் குடி எண்ணுபவர்கள். தாயின் குடியே பிள்ளைக்கு. ஒரே குடிக்குள் மணவினை இல்லை. மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது இரு சமூகத்துக்கும் பொது. கோயிலில் குடிவழியே வண்ணக்கர் வருவதுபோல, பள்ளிவாசலில் குடிவழியே மரைக்காயர் வந்தனர். வயலுடைய பெரியவரைப் போடியார் என்பதும் இரு பக்கத்திலும் ஒன்றே. முக்குவப் பெண்களை மணந்து பட்டாணியர் குடியேறினர் என்ற பழங்கதைக்கு இந்த வழமையே பெரிய சாட்சியாகக் காட்டப்படுகின்றது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து 2008இல் ஒரு பெரிய நூலே எழுதினார். கடல் கடந்து வந்தவர் எழுதினார். நம் பிள்ளைகளுக்குத் தம் குடியின் பெயர்கூடத் தெரியாது.

மார்க்கம் அவரவர்க்கு வேறு. அதில் கலப்பும் இல்லை, தடையும் இல்லை. ஆனால் வீடும் வயலும் உறவுமுறையும் ஒரே மண்ணில் முளைத்தவை. இன்று தமிழரின் நினைவு ஓரிடத்தில், முஸ்லிம்களின் நினைவு இன்னோரிடத்தில், வெள்ளையரின் வாளும் பாத்திரமும் கோட்டைக்குள் என்று பிரிந்து கிடக்கின்றன. இரு சமூகமும் சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றுகளுக்கு ஓர் அறைகூட இல்லையானால், ஐம்பது ஆண்டு கழித்து வருபவன் இவர்கள் என்றும் பகைவராகவே இருந்தனர் என்று எழுதிவிடுவான். மறுக்க நம் கையில் தாள் இராது. உடன்படிக்கையில் ஒரு வாசகம் விடுபட்டதால் வந்த கேட்டை மேலே சொன்னேன் அல்லவா?

ஆகவே ஏறாவூருக்கும் ஒரு சிறு நூதனசாலை வேண்டும். மாளிகை தேவையில்லை; நூலகத்தில் ஓர் அறை போதும். பழைய காணி உறுதிகள், பள்ளிவாசல்களின் குறிப்புப் புத்தகங்கள், குடிகளின் பட்டியல், அறபுத் தமிழ்க் கிதாபுகள், கலியாணப் படங்கள், வெற்றிலைத் தட்டம், நெல் அளந்த மரைக்கால் ஆகியவற்றைச் சேர்க்கலாம். செங்கலடி, வந்தாறுமூலைத் தமிழ் அன்பர்களும் தம் வீட்டுச் சுவடிகளைத் தர முன்வரவேண்டும். வாசலில் ஒரு பூமரமும் நிழலில் ஒரு வாங்கும் இருந்தால் அதுவே பூங்கா. உள்ளே ஒரு சுவரில் 1990இல் மாண்டவர்களின் பெயர்கள் இருக்கட்டும். காத்தான்குடி, ஏறாவூர், வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான் ஆகிய நான்கு பட்டியலும் ஒரே சுவரில், ஒரே அளவு எழுத்தில் இருக்கவேண்டும். எந்தப் பெயரையும் விட்டுவிடக் கூடாது.

இவ்வுரையைக் கேட்டவர்கள், வாசித்தவர்கள், இன்றைக்கே வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். கறையான் அரித்த தாள் என்று எதையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். உம்மும்மாமாரும் அம்மம்மாமாரும் இருக்கும்போதே அவர்களிடம் குடியின் பெயரைக் கேட்டு, ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வையுங்கள்.